நாலரை மணிக்குப் போகும் லைன்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு வீடு, அண்ணாச்சி. அந்த வீட்டில் ஒரே ஒரு பெட்டி. பெட்டியில் நாலு விளக்கு. மூன்று விளக்கு பச்சையாக எரிய வேண்டும், நாலாவது எரியவே கூடாது. எரிந்தால் அது சிவப்பு. சிவப்பு எரிந்தால் அந்த வீட்டுக்குள் உலகம் வராது.

சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் எதைச் சொல்ல வந்தாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். பால் திரிந்துபோன கதையைக்கூடத் தாத்தா ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு பசு என்றுதான் ஆரம்பிப்பார். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. நீங்கள்தான் கேட்டீர்கள், மடியில் அந்த அட்டைப்பெட்டியை எதற்குப் பச்சைப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு வருகிறாய் என்று. கேட்டதால் சொல்கிறேன். பனவடலியில்தானே இறங்குகிறீர்கள்? நேரம் இருக்கிறது. பஸ் இன்னும் மானூருக்கே வரவில்லை.

இது மோடம். நான் சென்னையில் ஒரு நெட் கம்பெனியில் இருக்கிறேன். வீட்டில் நெட் வரவில்லை என்றால் போன் போட்டுத் திட்டுகிறோம் இல்லையா, அந்தத் திட்டை வாங்குகிறவன் நான். முகம் தெரியாத வீட்டுக்குள் குரலாலேயே நடந்து போவேன். வலதுபக்கம் பாருங்கம்மா, கறுப்பு வயர் தெரியுதா, மெதுவா உருவுங்க, இப்ப திரும்பச் சொருகுங்க. என்னைத் திட்டாத ஆள் இல்லை, நான் திட்டிய ஆளும் இல்லை. இவன் சத்தமே போட மாட்டான் என்று ஆபீசில் எனக்குப் பேர். தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டைச் சரிசெய்தாயிற்று. சரியாகாத வீடு ஒன்றே ஒன்று. சங்கரன்கோவிலில் என் அக்கா வீடு.

அக்கா பேர் கோமதி. கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அப்புறம் விட்டுவிட்டாள். அத்தானுக்கு உரக்கடை. உலகநாதன் உரக்கடை என்றால் சங்கரன்கோவில் பக்கத்தில் விவசாயம் பண்ணுகிற சம்சாரிகள் எல்லோருக்கும் தெரியும். தங்கமான மனுஷன் அண்ணாச்சி. குடி கிடையாது, சீட்டு கிடையாது. அக்காவை ஒரு வார்த்தை அதட்டி நான் கேட்டதில்லை. அவர் அதட்டவே மாட்டார். அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்கு ஒரு வேலை கிடைத்தது. சிங்கப்பூரில் இருக்கிற நம்ம பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற வேலை. அங்கே ஏழு மணி, இங்கே நாலரை. முதல் நாள் வகுப்பு முடிந்ததும் எனக்குப் போன் போட்டாள். "ஏல ஆவுடை, ஒரு பிள்ளை ழன்னா சொல்ல நாக்கை வெளிய நீட்டுதுல. உள்ள மடிக்கச் சொன்னா கையை விட்டு மடிக்குது." சொல்லிவிட்டு சிரித்தாள் பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். குடும்பம் என்று ஆனபிறகு சிரித்துக்கொண்டிருக்க நேரம் ஏது.

நெட் இணைப்பு நான்தான் ஏற்பாடு செய்தேன், அத்தான் பேரில். அக்கா அவள் பேரில் கேட்டாள். நான்தான் அது முறையில்லை என்றேன். எங்கப்பா சொல்லிவிட்டுப் போன ஒரே புத்திமதி அதுதான். பொண்ணு கொடுத்த வீட்டில் எது செய்வதானாலும் மாப்பிள்ளை காதில் போட்டுவிட்டுச் செய்ய வேண்டும், அவரைத் தாண்டி ஒரு துரும்பை நகர்த்தக் கூடாது. அப்படி இருப்பதால்தான் அந்த வீட்டில் எனக்கு இன்றைக்கும் மரியாதை. போனால் அத்தான் எழுந்து நின்று "வா மாப்ள" என்பார்.

பெட்டியை மாட்ட வந்த ஆள் எனக்குப் போன் போட்டு எங்கே வைக்கட்டும் என்று கேட்டார். ஹாலில் என்று அக்கா சொன்னது காதில் விழுந்தது. அத்தான், "பூஜை ரூம்ல வைங்க, அங்கதான் இன்வெர்ட்டர் பாயிண்ட் இருக்கு, கரண்ட் போனாலும் நெட்டு போகாது" என்றார். எவ்வளவு சரியான பேச்சு. இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கே தோன்றவில்லை. மாப்பிள்ளை சொல்கிற இடத்தில் வையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அங்கே தொடங்கிற்று வினை. இல்லை, வினை என்று சொல்லக் கூடாது. பழுது.

நாலரை மணி ஆனால் லைன் போய்விடும். காலையில் இருக்கும், மத்தியானம் இருக்கும், நாலரைக்குப் போய்விடும். அக்கா எனக்குப் போன் போடுவாள். போனில் பேச மட்டும்தான் முடியும். அத்தான் பேச்சுக்கு மட்டும்தான் ரீசார்ஜ் போடுவார். வீட்டில்தான் வைஃபை இருக்கிறதே, அப்புறம் போனில் வேறு எதற்கு. நியாயம்தானே.

"அக்கா, பெட்டியில எந்த விளக்கு எரியுது?"

"ஒண்ணும் எரியலல."

"சுவிட்ச் போட்டிருக்கா பாரு."

"நிலைப்படியில நின்னு பாக்கேன். அணைச்சிருக்கு."

"உள்ள போயி போடு."

"இன்னைக்கு நான் உள்ள போகப்படாதுல."

புரிந்துகொள்ளுங்கள், மாதத்தில் சில நாள். நானும் மேலே கேட்கவில்லை. "அத்தானைப் போடச் சொல்லு" என்றேன். அத்தான் மத்தியானம் கடையை மூடிவிட்டு வந்து சாப்பிட்டுப் படுப்பார், ஐந்து மணிக்குத்தான் திரும்பப் போவார்.

"தூங்குதாக" என்றாள்.

"எழுப்பு."

லைன் கட்டாகிவிட்டதோ என்று அலோ அலோ என்றேன். "இருக்கேன்" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு வகுப்பு போயிற்று.

சாயங்காலம் அத்தானிடம் கேட்டேன். "கும்பிட்டுட்டு வெளிய வரும்போது எல்லாத்தையும் அணைச்சிட்டு வாரது என் பழக்கம் மாப்ள. கையி தானா போயிருது" என்றார். பழக்கத்தை யார் என்ன செய்ய முடியும்.

மற்ற நாட்களில் அக்காவே போய்ப் போட்டுக்கொள்வாள். ஆனாலும் பெட்டி உயிர் பிடிக்க நேரமாகுமே. பிள்ளைகள் அங்கே காத்துக்கொண்டிருக்கும். இங்கே அத்தான் எழுந்து காப்பி கேட்பார். நாலரைக்கு அவருக்குக் காப்பி வேண்டும். "ஆத்தி வச்சிருக்கேன், எடுத்துக்குங்க" என்று அக்கா சொல்வது எனக்குப் போனில் கேட்கும். அவர், "நீ பாடம் எடும்மா, நான் பொறவு குடிச்சிக்கிடுதேன்" என்பார். பாருங்கள் எவ்வளவு பொறுமை. குடிக்க மாட்டாராம், ஆறிப்போய் அப்படியே இருக்குமாம். அக்கா அதைக்கூட ஒரு குறையாகச் சொன்னாள். எனக்கு அதில் என்ன குறை என்று விளங்கவில்லை.

மானூர் வந்துவிட்டது. தண்ணீர் ஏதும் வேண்டுமா? எனக்கும் வேண்டாம். தொண்டையைக் காயவிட்டே பேசிப் பழக்கம்.

அப்புறம் சிவப்பு விளக்கு வந்தது. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் அக்கா போன் போட்டு, "ஏல, செவப்பா இருக்கு" என்றாள். சிவப்பு என்றால் வெளியிலிருந்து வரும் கேபிள் அறுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஆள் அனுப்பினேன். போனவர் என்னைக் கூப்பிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அத்தான் கடைத் தராசுக்கும் பைக்குக்கும் வைத்த மாதிரி மோடத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். பொட்டு சரியாக நாலாவது விளக்கின் மேல். கேபிளுக்கு ஒன்றுமில்லை. குங்குமம்தான் சிவப்பு. ஆபீசில் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சிரித்தோம்.

அதிலிருந்து அக்கா சிவப்பு என்று சொன்னாலே, "பொட்டைத் தொடச்சுப் பாத்தியாக்கா?" என்று கேட்பேன். அவளும் முதலில் சிரித்தாள். கார்த்திகையில் ஒருநாள் சிரிக்காமல் சொன்னாள், "தொடச்சிட்டேன் ஆவுடை. நெசமாவே எரியுது. வயரு கழண்டு கெடக்கு."

நான் நம்பவில்லை. மறுநாளும் சொன்னாள், அதற்கடுத்த நாளும் சொன்னாள். பிறகுதான் ஆள் அனுப்பினேன். போனவர், "யாரோ உருவிவிட்ட மாதிரி இருக்கு சார்" என்றார். நான் எலி என்றேன். பூஜை அறையில் தேங்காய், பழம் எல்லாம் இருக்கும், எலி வராதா? எலி கடித்தால் பல் தடம் இருக்குமே என்கிறீர்கள். இருக்கும். இதில் இல்லை. சில எலி இழுத்தும் போடும்.

இல்லை அண்ணாச்சி, நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. அப்படிப்பட்ட மனுஷன் இல்லை அவர்.

தை மாதம் அக்கா ஒருநாள் காலையில் கூப்பிட்டாள். காலையில் அவள் கூப்பிட மாட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "வெள்ளிக்கிழமை சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடத்து மேடம் என் வகுப்பில வந்து உக்காந்து பாக்கப்போறாங்க. லைன் அடிக்கடி போகுதுன்னு அவங்களுக்கு வருத்தம். அன்னைக்கு நல்லபடியா நடந்தா வச்சுக்கிடுவாங்க, இல்லன்னா அவ்வளவுதான். நீ அங்கேருந்தே பாத்துக்கோ தம்பி. அத்தான்ட்ட மட்டும் சொல்லிராத."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் வீட்டு விஷயத்தை அவருக்குத் தெரியாமல் எப்படிச் செய்வது? அதுவும் இது நல்ல விஷயம். சொன்னால் அவரே சுவிட்சைப் பார்த்துக்கொள்வார். சொன்னேன். வெள்ளிக்கிழமை நாலரைக்கு அக்காவுக்கு முக்கியமான வகுப்பு, அன்றைக்கு மட்டும் கை தானாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

"அப்படியா, எங்கிட்ட அவ சொல்லவே இல்லியே" என்றார். கோபமே இல்லை. அப்புறம், "மாப்ள, பாஸ்வேர்டுன்னு ஒண்ணு இருக்குல்லா, அதை நாமளே மாத்திக்கிட முடியுமா? பக்கத்து வீட்டுல நம்ம லைனை இழுக்காங்களோன்னு ஒரு சந்தேகம்" என்றார்.

"ரொம்ப லேசு அத்தான்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். எங்கே தொட வேண்டும், எதை அழிக்க வேண்டும், எதைச் சேமிக்க வேண்டும். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். நாங்கள் பேசுகிற ஆட்களில் பத்து தடவை சொன்னாலும் விளங்காதவர்கள் உண்டு. இவர் ஒரே தடவையில்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு நானும் தயாராக உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது.

"விளக்கு என்னக்கா?"

"மூணும் பச்சை. செவப்பு இல்ல. ஆனா உள்ள விடமாட்டேங்கு. பாஸ்வேர்டு தப்புன்னு காட்டுது."

"நிதானமா அடி."

"நிதானமாத்தான் அடிக்கேன். பிள்ளைங்க வந்திருக்கும் ஆவுடை. மேடம் வந்திருப்பாங்க. நீயே அங்கேருந்து மாத்திவிடேன். ஒன்னால முடியும்லா?"

முடியும். ஆனால் இணைப்பு அத்தான் பேரில். ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். அவர் சொல்லாமல் நான் கை வைக்க முடியாது, அது எங்கள் ஆபீஸ் சட்டம். தம்பி என்பதற்காகச் சட்டத்தை மீறலாமா. அத்தானுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அக்காவிடமே, அத்தானிடம் போனைக் கொடு என்றேன். அவர் பேசினார். "நான் ஒண்ணும் தொடல மாப்ள. காப்பியைக் குடிச்சிட்டு வந்து என்னன்னு பாக்கேன்."

அன்றைக்குக் குடித்தார் போல. ரொம்ப நேரம் ஆயிற்று. போன் அணைக்காமலே இருந்தது. டம்ளரை வைக்கிற சத்தம் கேட்டது. அக்கா மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. நான், "கவலப்படாதக்கா, ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோமா?" என்றேன். நாங்கள் எல்லோரிடமும் முதலில் சொல்வது அதுதான், பழக்கத்தில் வந்துவிட்டது. அவள் போனை வைத்துவிட்டாள்.

நீங்கள் அடிக்கடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள். வெயில் அடிக்கிறதா? இந்தப் பக்கம் வேண்டுமானால் மாறிக்கொள்ளலாம்.

யார் மாற்றியது என்றா? அத்தான்தான் மாற்றியிருப்பார், பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக. அக்காவிடம் சொல்ல மறந்திருப்பார். கடை வைத்திருக்கிற மனுஷனுக்கு ஆயிரம் ஞாபகம்.

அதற்குப் பிறகு அக்கா எனக்குப் போன் போடவில்லை. நானே கூப்பிட்டேன். "நெட்டு நல்லா இருக்கு, நீ வேலையப் பாரு" என்றாள். எங்கள் ஆபீசில் ஒரு கணக்கு உண்டு. ஒரு மாதம் புகார் வராத வீடு சரியான வீடு. அந்தக் கணக்குப்படி அக்கா வீடு சரியாகிவிட்டது. பக்கத்து சீட்டுக்காரனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அண்ணாச்சி, நாலரை மணி ஆனால் என் கை தானாகப் போனைத் தொடும். ஊரில் இருக்கிறவர்களின் புகாரெல்லாம் வரும், அந்த ஒரு வீட்டுப் புகார் வராது. எனக்கும் அக்காவுக்கும் நடுவில் பேச்சு என்று இருந்ததே அதுதான். எந்த விளக்கு எரியுது, சுவிட்சைப் பார், வயரைச் சொருகு. அதற்கு நடுவில் சாப்பிட்டியால என்று கேட்பாள். லைன் நன்றாக இருந்தால் என்னை எதற்குக் கூப்பிடப்போகிறாள்.

போன வாரம் அத்தான் கூப்பிட்டார். குரல் ஒருமாதிரி இருந்தது. "மாப்ள, ஒங்க அக்கா தெனமும் நாலு மணிக்குக் கெளம்பிப் போறா. தெற்கு ரத வீதியில ஜெயமேரின்னு ஒருத்தி ஜெராக்ஸ் கடை வச்சிருக்கா, கூடப் படிச்சவளாம். அங்க போயி உக்காந்து பாடம் எடுக்கா. அந்த சிங்கப்பூர்க்காரங்கட்ட கெஞ்சி இன்னொரு தவணை வாங்கியிருக்கா. ரோட்டுல போறவன் வாரவன் எல்லாம் பாக்கான். கடைக்கு வாரவன் என்ட்ட யூரியா கேக்கதுக்கு முன்னால அக்கா எங்கன்னு கேக்கான். எனக்கு இது நல்லாவா இருக்கு?"

அவர் அப்படிக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசிவிட்டது. உடனே லீவு போட்டேன். புது மோடம் வாங்கினேன், இதோ இதுதான். அத்தானிடம் பேசி ஒரு முடிவும் பண்ணிவிட்டேன். இனிமேல் பெட்டி பூஜை அறையில் வேண்டாம், ஹாலிலேயே வைக்கலாம். அவரே ஒத்துக்கொண்டார். பாஸ்வேர்டு மட்டும் அவரிடம் இருக்கும், அக்கா வேண்டும்போது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது. வீட்டுச் சாவி மாதிரித்தானே அதுவும். அக்காவுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவள் கேட்டது ஹால்தானே.

தேவர்குளம் தாண்டிவிட்டதா? நேரம் என்ன? நாலு இருபது. சரி.

பஸ் ஏறும்போது அத்தான் மறுபடி கூப்பிட்டார், நீங்கள் பார்த்தீர்களே. "மாப்ள, இன்னைக்கு என்னவோ ஆண்டு விழாவாம். பிள்ளைங்க எல்லாம் பாட்டுப் படிக்குமாம், பெத்தவங்க எல்லாம் பாப்பாங்களாம். முகூர்த்தப் பட்டைக் கட்டிட்டுப் போறா. ஜெராக்ஸ் கடைக்கு எவளாவது பட்டுக் கட்டிட்டுப் போவாளா மாப்ள?" என்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், "அந்தக் கடை லைனும் உங்க கம்பெனிதான?"

எங்கள் கம்பெனிதான்.

எங்கள் ஆட்களுக்குப் போனில் ஒரு ஆப் கொடுத்திருக்கிறார்கள். இதோ. ஒரு லைனைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கலாம். சோதனைதான், கெடுதல் இல்லை. ஒரு மணி நேரம் நின்றால் அக்கா வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வந்துவிடுவாள். நானும் வீட்டில் இருப்பேன், பெட்டியைக் கையோடு மாட்டிவிடுவேன். நாளையிலிருந்து அவள் பட்டுக் கட்டிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டியதில்லை. ஒருநாள் விழா போனால் போகிறது, அடுத்த வருஷமும் விழா வரும்.

அந்த ஜெயமேரியிடம் கேட்டாயா என்கிறீர்கள். அவரிடம் என்ன கேட்பது? இது சோதனை. சோதனைக்கு ஓடிபி வேண்டியதில்லை.

அப்படிப் பார்க்காதீர்கள் அண்ணாச்சி. நீங்களும் அக்கா தங்கச்சி உள்ளவர்தானே. பேசிப் பேசி நேரம் போனதே தெரியவில்லை பாருங்கள், நாலரை. இந்த இடத்தைத் தொட்டால் போதும். பச்சையாக இருக்கிறதா? இப்போது பாருங்கள். அவ்வளவுதான்.

போனைப் பெட்டி மேலேயே பிடித்துக்கொள்கிறேன். பஸ் ஆட்டம்.

போன் அடிக்கிறது. யார் தெரியுமா? அக்கா. பார்த்தீர்களா, அக்காவேதான். நான் சொல்லவில்லை? லைன் போனால் அவள் என்னைத்தான் கூப்பிடுவாள். எத்தனை நாளாயிற்று அண்ணாச்சி. ஒரு நிமிஷம்.

அலோ. அக்கா. சொல்லுக்கா. அழாத, அழாத, நான் இருக்கேன்லா. என்ன, பிள்ளைங்க எல்லாம் வந்து நிக்குதா? சரி, பதறாத. நான் பாத்துக்கிடுதேன்.

அண்ணாச்சி, எங்கே எழுந்துவிட்டீர்கள்? பனவடலி இன்னும் வரவில்லையே. இது அதற்கு முந்தின ஸ்டாப். உங்கள் பை, பையை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி.

இல்லக்கா, இங்க யாருமில்ல. பக்கத்துல ஒருத்தர் இருந்தாரு, எறங்கிப் போயிட்டாரு. நீ சொல்லு. பெட்டிக்குப் பக்கத்துல போ. எந்த விளக்கு எரியுது?